ஊறாத கரி போட்டேன், உளுந்து வெளுத்தது

போன வருஷம் சீமைக்கருவேல முள்ளை வெட்டி, குழியில் எரித்து, சாம்பலாகும் முன்பே தண்ணீர் ஊற்றி அணைத்தேன். அந்தக் கரியை நொறுக்கி அப்படியே 10 சென்ட்டில் தூவி, உளுந்து விதைத்தேன். இருபதாம் நாள் போய்ப் பார்த்தால் பக்கத்துப் பாத்தி பச்சையா நிக்குது, கரி போட்ட பாத்தி வெளிறிக் கிடக்குது! மஞ்சள் தேமலோன்னு பயந்துட்டேன். தேமல் என்றால் இளம் இலையில் திட்டுத் திட்டாக இருக்கும். இது அடியிலைகளில் சீரான வெளுப்பு. தழைச்சத்துக் குறைதான்.

தப்பு என்னுடையது. புதுக் கரி காய்ந்த பஞ்சு மாதிரி. மண்ணிலிருக்கும் தழைச்சத்தில் ஒரு பங்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பயறுச்செடிக்கோ வேர்முடிச்சு வேலைக்கு வரும்வரை மண்ணில் உள்ளதுதான் சாப்பாடு.

அடுத்த பட்டத்தில் கரியை ஜீவாமிர்தத்தில் இரண்டு வாரம் ஊறவைத்து, மக்கிய தொழுவுரத்தோடு கலந்து போட்டேன். விதைக்கு அடியில் படும்படி வேம் பூஞ்சை உரம். விதைக்கு ஆறிய கஞ்சியில் ரைசோபியம்.

பூஞ்சை எதுக்குன்னு கேட்பீங்க. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர் தன்னை ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டால் அதோடு சரி. வேரைவிடப் பலமடங்கு மெல்லிய பூஞ்சை இழை, சில சென்டிமீட்டர் தள்ளிப்போய்க் கொண்டுவந்து கொடுக்கும். துத்தநாகமும் சேர்ந்து வரும். கூலியாகச் செடியின் சர்க்கரையில் பங்கு வாங்கிக்கொள்ளும். அந்த மணிச்சத்து முடிச்சுக்கு ரொம்ப அவசியம். காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்க 16 ஏ.டி.பி. செலவாகும், ஏ.டி.பி.யிலேயே மணிச்சத்து இருக்கிறது. கரியின் துளைகள் ஈரத்தைத் தாங்கி, இழைகளுக்கு ஒண்ட இடம் தரும்.

பூக்கும் சமயம் செடியை மண்ணோடு தோண்டி, வேரை அலசி, முடிச்சைக் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்குது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. இந்தத் தடவை கரிப் பாத்தியில் சிவப்பு முடிச்சுகள் கூடுதல். மகசூல் கொஞ்சம்தான் கூடியது. ஒரு பட்டத்தை வைத்துக் கணக்கை முடிக்க மாட்டேன், பழைய வங்கிக்காரன் பாருங்க.

டி.ஏ.பி. போட்டுப் பழகின நிலத்தில் உடனே பலனை எதிர்பார்க்காதீங்க. மணிச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தால் செடியே பூஞ்சையை ஒதுக்கிவிடும். அடிக்கடி உழுதால் இழை அறுந்துபோகும். கரிக்குக் காரத்தன்மை உண்டு. என்னுடையது லேசான அமிலச் செம்மண், பரவாயில்லை. சுண்ணாம்பு உள்ள கரிசலில் மண் பரிசோதனை பார்க்காமல் இறங்க வேண்டாம்.

அடுத்த பட்டத்துக்கான கரி இப்போ தொட்டியில் ஊறுது.