திரையில் ஓடும் பந்தயம்

2017ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், செப்பாங் பந்தயத் தளத்தில் மலேசியாவின் கடைசி பார்முலா 1 கார்ப் பந்தயம் நடைபெற்றது. 1999 முதல் பத்தொன்பது ஆண்டுகள் தொடர்ந்த பந்தயம் அத்தோடு நின்றது. நுழைவுச்சீட்டு விற்பனையும் தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கையும் சரிந்துவிட்டன என்று அப்போது காரணம் கூறப்பட்டது. முதல் காரணம் எளிதில் விளங்குகிறது. இரண்டாவது காரணம்தான் சிந்திக்கத் தூண்டுகிறது. ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தின் தலைவிதியை வரவேற்பறையில் இருக்கும் தொலைக்காட்சி எப்படித் தீர்மானிக்கிறது?

அந்தக் கடைசிப் பந்தயத்திற்கு அப்பா என்னை அழைத்துச் சென்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். காற்பந்துத் திடலைப் போல முழுவதையும் ஓரிடத்தில் அமர்ந்து பார்க்க முடியாது. கார்கள் எங்களைக் கடந்து மறைய ஒரு சில விநாடிகளே பிடித்தன. பிறகு ஒன்றரை நிமிடக் காத்திருப்பு. கடைசி இடத்திலிருந்து புறப்பட்ட செபாஸ்தியன் வெட்டலின் சிவப்பு பெராரி ஒவ்வொரு முறையும் இன்னும் சில கார்களை முந்தி வந்தது. எங்கே, எப்படி முந்தினார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா வீட்டிலிருந்த சித்தப்பாவைக் கைப்பேசியில் அழைத்து, “யாருடா முன்னால போறா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வென்றவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் என்பதையும், வெட்டல் நான்காவதாக வந்தார் என்பதையும் சித்தப்பா எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்.

கார்ப் பந்தயத்திற்குத் தொலைக்காட்சி செய்யும் முதல் உதவி இதுதான். சிதறிக் கிடக்கும் நிகழ்வை அது ஒரே கதையாக்கித் தருகிறது. வளைவுகளில் நிற்கும் கேமராக்கள், காரிலேயே பொருத்திய கேமரா, இடைவெளியை விநாடிக் கணக்கில் காட்டும் எண்கள், ஓட்டுநரும் பொறியியலாளரும் பேசிக்கொள்ளும் குரல் எனப் பல வழிகளில் விளையாட்டின் நுட்பத்தைப் புதியவருக்கும் புரிய வைக்கிறது. புரிந்தால்தானே இரசிக்க முடியும்!

ஆனால், எதைக் காட்டுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதும் தொலைக்காட்சியே. 2005இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், பார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு செப்பாங்கில் அவர் 11ஆவது இடம் பிடித்தார். அப்பா அன்றும் அங்கே இருந்தார். நரேனின் மஞ்சள் நிற ஜோர்டான் கார் தம்மைக் கடந்த ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைதட்டியதாக இன்றும் சொல்வார். அதே பந்தயத்தை வீட்டில் பார்த்த சித்தப்பாவோ, “நரேன காட்டவே இல்ல” என்று குறைபட்டுக்கொள்வார். இருக்கையில் அமர்ந்தவருக்கு எல்லாக் கார்களும் சமம். திரையில் முன்னணியினரே அதிகம் தெரிவர். இதனால் சிறிய அணிகளுக்கு இரசிகர்கள் மட்டுமல்ல, விளம்பரதாரர்களும் குறைகிறார்கள்.

அடுத்தது நேரம். 1981இல் கையெழுத்தான கான்கார்ட் ஒப்பந்தம், அணிகள் எல்லாப் பந்தயங்களிலும் கலந்துகொள்வதை உறுதிசெய்தது. அதன் பிறகே ஒளிபரப்பு நிலையங்கள் நம்பிக்கையோடு உரிமம் வாங்கின. பணம் அங்கிருந்து வரத் தொடங்கியதும் கடிகாரமும் அங்கேயே போயிற்று எனலாம். 2009இல் மலேசியப் பந்தயம் பிற்பகல் 3 மணியிலிருந்து மாலை 5 மணிக்கு மாற்றப்பட்டது. இங்கே மாலை 5 என்றால் இலண்டனில் காலை 10. ஐரோப்பியர் வசதியாகப் பார்க்கலாம். நம் நாட்டில் மாலை மழை எப்படிப் பெய்யும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா? அன்றும் கொட்டித் தீர்த்தது. பந்தயம் நிறுத்தப்பட்டது, இருட்டிவிட்டதால் மீண்டும் தொடங்கவே இல்லை. 56 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டு, பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. அந்த இடைவெளியில் கிமி ராய்க்கோனன் ஐஸ்கிரீம் சாப்பிட்ட காட்சியை உலகமே திரையில் கண்டு சிரித்தது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் மழையில் நனைந்தார்கள். மறு ஆண்டு தொடக்க நேரம் 4 மணியாக்கப்பட்டது.

சிங்கப்பூர் இதே சிக்கலை விளக்கொளியால் தீர்த்தது. 2008இல் அங்கு நடந்த பார்முலா 1இன் முதல் இரவுப் பந்தயம் உள்ளூரில் இரவு 8 மணிக்குத் தொடங்கியபோது இலண்டனில் பிற்பகல் 1 மணி. ஒளிவெள்ளத்தில் மின்னிய நகரமும் திரைக்கு அழகு சேர்த்தது. பக்கத்திலேயே இப்படியொரு பந்தயம் வந்தபின் செப்பாங் தன் கவர்ச்சியை இழந்ததில் வியப்பில்லை.

மூன்றாவது, கட்டணம். பிரிட்டனில் 2011 வரை பிபிசி எல்லாப் பந்தயங்களையும் இலவசமாக நேரலையில் காட்டியது. 2012 முதல் ஸ்கை என்னும் கட்டண நிறுவனம் உள்ளே வந்தது. 2019 முதல் பிரிட்டன் பந்தயத்தைத் தவிர மற்ற நேரலைகளைக் காணச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. உரிமத் தொகை கூடும். ஆனால் தற்செயலாக அலைவரிசையை மாற்றும்போது கண்ணில் பட்டு இரசிகனாகும் சிறுவன் குறைந்துவிடுவான். அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது, 2019இல் நெட்பிளிக்ஸில் தொடங்கிய ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடர். பந்தயத்தைவிட மனிதர்களின் பகையையும் நட்பையும் அது முன்வைத்தது. என் விடுதித் தோழிகள் சிலர் ஒரு பந்தயத்தைக்கூட முழுமையாகப் பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஓட்டுநர்களின் பெயரும் அவர்களுக்கு அத்துப்படி.

ஆகவே, தொலைக்காட்சி இரசிகர்களைப் பெருக்குகிறது என்பது உண்மை. ஆனால், எந்த ஊர் இரசிகருக்காக நேரம் குறிக்கப்படுகிறது, யாரால் கட்டணம் செலுத்த முடிகிறது என்ற கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும். செப்பாங் விடை பெற்றபோது நமக்குத் திரை மிஞ்சியது. எழுந்து நின்று கைதட்டும் இடம் மிஞ்சவில்லை. நல்ல வேளையாக, மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கே 2017க்குப் பின்னும் நடந்து வருகிறது. நண்பர்களே, ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள். யார் முன்னால் போகிறார் என்று தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்டுக்கொள்ளலாம்.