சீனத்து நெடுமதிலின் சிதைந்த பகுதிகள்

சீன நாட்டு நெடுமதிலைப் படத்திலேனும் கண்டிராதார் நம்மில் அரியர். அப்படங்களுட் பல, பெய்ஜிங் நகரை அடுத்த பாதாலிங் என்னுமிடத்து எடுக்கப்பட்டவை. அப்பகுதி செப்பனிடப்பெற்று 1957-ஆம் ஆண்டிற் காட்சிக்குத் திறக்கப்பட்டது. அகன்று சமனாய்க் கிடக்கும் அப்பாதையைக் கண்டு, மதில் முழுவதும் அவ்வாறே இருக்குமென எண்ணுதல் பிழை. மிங் மரபினர் (1368–1644) காலத்து மதிலின் நீளம் 8,850 கிலோமீட்டர் என 2009-இல் அளந்து வெளியிட்டனர். அதனுள்ளும் 2,232 கிலோமீட்டர் மலையும் ஆறுமாகிய இயற்கை அரணே. எஞ்சியதிற் செப்பனிடப்பெற்றது மிகச் சிறிது. பெய்ஜிங்கின் வடக்கே மலைமுகடுகளில் ஏனையது மரமும் புதரும் மூடிக் கிடக்கின்றது. அதனைக் 'காட்டு மதில்' என்பர்.

வழிகாட்டுவார் துணையோடு இக்காட்டு மதில்மேல் நடத்தலைப் பலர் பெரிதும் விரும்புகின்றனர். அவ்விருப்பம் இயல்பேயாம். செப்பனிட்ட மதில் தன் உள்ளுறுப்பை மறைக்கின்றது. சிதைந்ததோ திறந்து காட்டுகின்றது. அடியிற் செதுக்கிய கல், அதன்மேற் சூளைச் செங்கல், இரண்டு முகப்பிற்கும் நடுவே மண்ணும் உடைகல்லும் இட்டு இடித்த நிரப்பு. சுண்ணாம்பிற் பசையரிசிக் கஞ்சி கலந்து சாந்து அமைத்தனர். சோறுண்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி ஓர் உறவு கொண்டாடத் தக்கதன்றோ! இடையிடையே எழுந்த உள்வெளி உடைய கோபுரங்கள், 1568-இல் அவ்வெல்லையின் காவற்பொறுப்பேற்ற சீ ஜிகுவாங் என்னும் தளபதியின் ஏற்பாடு. அதற்குமுன் வீரர் வெயிலிலும் பனியிலும் மதில்மேல் வெளியே நின்றனர். அவரோ தங்கவும் படைக்கலம் வைக்கவும் இடம் தந்தார். குபெய்கோ என்னுமிடத்துக் கோபுரங்களில் 1933-இல் ஜப்பானியரோடு நிகழ்ந்த போரின் குண்டுத் தழும்புகள் உள. செப்பனிட்டிருந்தால் அவை மறைந்திருக்கும்.

இனி, இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். மதிலின் மேல்தளச் செங்கற்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும் வரையிலேதான் மழைநீர் தூம்பு வழியே வெளியேறும். ஒரு கல் பெயரின் நீர் நிரப்பினுள் இறங்கும். மண் ஊறிப் புடைக்கும். முகப்புச் சுவர் பிளந்து சரியும். மரத்தின் வேர் இதனை மெல்லச் செய்கின்றது. மனிதரின் காலோ விரைந்து செய்கின்றது. ஆதலின் மதிலை விரும்பி வருவாரே அதனை அழிப்பாராகவும் முடிகின்றனர்.

2006 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நெடுமதிற் பாதுகாப்பு விதிகள், மண்ணும் கல்லும் எடுத்தலையும் பெயர் பொறித்தலையும் விலக்குவதோடு, காட்சிக்குத் திறவாத பகுதிகளிற் கூட்டம் சேர்த்து நிகழ்ச்சி நடத்துதலையும் தடுக்கின்றன. ஜியான்கௌ என்னும் செங்குத்தான பகுதி அவ்வாறு திறவாத ஒன்று. இருந்தும் அங்கு ஆட்களை அழைத்துச் செல்வார் இல்லாமலில்லை. வழி அறிந்தவன் ஒருவன் முன்னே செல்லுதலால் அடியிலுள்ள செங்கல் உறுதி பெற்றுவிடாது. அவன் பின்னே இருபதின்மர் வரின் கேடும் இருபது மடங்காகும். இத்தொழிலை யாம் நன்றென்று கொள்ளோம்.

முறைப்படி காண விரும்புவார்க்கு ஜின்ஷான்லிங் உளது. 1983 முதல் அதன் ஒரு பகுதியைச் செப்பனிட்டனர்; கிழக்குப் பகுதியைப் பெரும்பாலும் கிடந்தவாறே விட்டுச் சீட்டுப் பெற்றோரை நடக்க விடுகின்றனர். நல்ல வழிகாட்டி வேண்டுவது இங்கேதான். கோபுரத்தை நோக்கி ஏறும் சரிவில், பாதையின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டைச் சுவர்கள் நிற்கும். அறியாதவன் அவற்றைத் தடை என்று கடந்து செல்வான். பகைவர் மதிலேறிய பின்னும், ஒவ்வொரு சுவரின் மறைவிலும் நின்று எய்து பின்வாங்குதற்கு அமைத்தவை அவை. எழுத்துப் பொறித்த செங்கற்களும் ஆங்குக் காணலாம். சில 1578-ஆம் ஆண்டையும் அவற்றைச் சுட்ட படைப்பிரிவையும் கூறும். இவற்றைச் சுட்டிக்காட்டி, இளகிய விளிம்பு வந்தவுடன் மதிலினின்று இறக்கி அருகுள்ள ஒற்றையடிப் பாதையில் நடத்துபவனே கூலிக்குத் தக்கவன்.

வில்லியம் எட்கர் கெய்ல் என்னும் அமெரிக்க நற்செய்தியாளர் 1908-இல் மதிலின் நீளம் முழுதும் பயணம் செய்து படங்கள் எடுத்தார். பின்னாளில் ஆங்கிலேயர் வில்லியம் லிண்ட்ஸே அப்படங்களைக் கையிற்கொண்டு அவ்வவ்விடங்களில் நின்று மீண்டும் படமெடுத்தார். கெய்ல் கண்ட கோபுரம் நின்ற சில இடங்களில், அவர் கண்டது வெறும் மலைமுகடே.