ஜிமேட்: கடைசிக் கேள்விகளை விடலாமா?

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில், தேர்வர் கொடுக்கும் விடைகளைப் பார்த்துக் கணினியே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. சரியாக விடையளித்தால் கடினமானது வரும். தவறினால் சற்று எளியது. எவ்வளவு கடினமான கேள்விகளைச் சமாளித்தார் என்பதும் மதிப்பெண்ணில் சேரும்.

கணிதப் பிரிவுக்கு 45 நிமிடம், 21 கேள்விகள். 18-ஆவது கேள்வியோடு நேரம் தீர்ந்துபோனால், மீதி மூன்றுக்கும் மதிப்பெண் குறைக்கப்படும். நன்றாகப் படித்தவர்களும் அடிவாங்கும் இடம் இதுதான்: விடாப்பிடியாக ஒரே கணக்கில் ஐந்து நிமிடத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். ஐந்து விடைகளில் ஒன்றை ஊகித்துத் தொட்டால்கூட ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் அதுவும் இல்லை.

மேற்படிப்புக்கான இன்னொரு தேர்வான ஜிஆர்இ-யில் ஒரு பிரிவு முழுவதும் முடிந்த பிறகே அடுத்த பிரிவின் கடினம் மாறும். விடுபட்ட கேள்விக்குத் தண்டனை இல்லை. ஆனால் தவறான விடைக்கும் அங்கே மதிப்பெண் கழிவதில்லை. ஆகவே கேள்வியை விடுவதில் எந்த லாபமும் இல்லை.