கணக்குக் கேட்டவர்கள் – 9: பெயர்களை உரக்க வாசித்தபோது

நாள் முழுக்க மண் வெட்டிச் சுமந்தவரைப் பார்த்து, "நீ வேலையே செய்யவில்லை, ரிஜிஸ்தர் அப்படித்தான் சொல்கிறது" என்றால் அவர் என்ன செய்வார்?

1980-களின் இறுதியில் ராஜஸ்தானின் நடுப்பகுதிக் கிராமங்களில் கூலி நாள் இப்படித்தான் விடிந்தது. வானம் பொய்த்த ஊர்களில் அரசு வறட்சி நிவாரண வேலை கொடுக்கும். ஏரி தூர்வாருவது, சாலை போடுவது. நிவாரண வேலைதானே என்று குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று, ராஜஸ்தான் அரசு சம்பந்தப்பட்ட வழக்கிலேயே 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனாலும் கைக்கு முழுக் கூலி வரவில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வெட்டிய மண் அவ்வளவுதான்" என்பார்கள். எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றால், மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் எழுதும் பதிவேட்டை, வெளியாள் பார்க்கக்கூடாது, அது அரசாங்க ரகசியம் என்பார்கள்.

யார் எத்தனை நாள் மண் சுமந்தார்கள் என்பதில் என்ன ரகசியம் இருக்க முடியும்? சுமந்தவருக்கே தெரியக்கூடாத ரகசியம்! 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல் ஒரு பஞ்சாயத்து அலமாரி வரைக்கும் நீண்டிருந்தது.

காட்ட முடியாது, சொல்ல முடியாது என்ற பதில் மனிதனை என்ன செய்யும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மஞ்சள் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். போகும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்துக்கொள்வார். "மேல போயிருக்கும்மா, வந்தா சொல்றோம்." மேலே என்றால் எங்கே, யாரிடம், எந்தத் தேதியில்? அதை ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் காசு கொடுத்தவருக்கு ஒரே மாதத்தில் வந்தது. அடுத்த முறை நான் கிளம்பச் சொன்னபோது, "விடுய்யா, நமக்கு எழுதி வெச்சது அவ்வளவுதான்" என்று பையை ஆணியில் மாட்டிவிட்டார்.

அந்த ஆணியில் மாட்டிய பைதான் நம் நாட்டின் விரக்தி. யார் வந்தாலும் இப்படித்தான் என்று டீக்கடையில் கேட்கிற பேச்சு சோம்பேறிகளின் பேச்சு என்று படித்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பலமுறை கேட்டு, ஒருமுறைகூடப் பதில் கிடைக்காதவர்களின் பேச்சு அது. ஊழல் பணத்தைத் திருடுவதோடு நிற்பதில்லை. கேட்கலாம் என்ற எண்ணத்தையே திருடிக்கொண்டு போகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

1987-இல் ராஜ்சமந்த் பகுதியில் தேவ்டுங்ரி என்ற சிற்றூரின் ஒரு மண் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் மூன்று பேர். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு வந்த அருணா ராய்; நிகில் தே; கிராமத்து மொழியில் பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கூட்டத்தைக் கட்டிப்போடும் சங்கர் சிங். ஊர் மக்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளர், உழவர் சக்தி அமைப்பு என்று பொருள். கூலிக்காக உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அதே சுவரில் போய் முட்டினார்கள்: மஸ்டர் ரோல். அந்தத் தாளைப் பார்க்காமல் இந்தச் சண்டையை ஜெயிக்க முடியாது என்று புரிந்தது.

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமம். திறந்த வெளியில் ஊர் கூடியது. 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை. பாடுபட்டுப் பெற்ற பஞ்சாயத்துக் கணக்குகளை மைக்கில் வரி வரியாக வாசித்தார்கள். இன்ன வேலை, இன்ன தேதி, இன்ன பெயர், இத்தனை நாள், இத்தனை ரூபாய்.

அடுத்தடுத்து பல ஊர்களில் நடந்த அந்த விசாரணைகளில் கேட்டவர்களின் முகம் மாறிக்கொண்டே வந்தது. செத்துப்போனவர்கள் மண் சுமந்திருந்தார்கள். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் உள்ளூரில் கூலி வாங்கியிருந்தார்கள். முடியாத கட்டடம் காகிதத்தில் முடிந்திருந்தது. வராத சரக்குக்கு பில் இருந்தது. அதுவரை ஊழல் என்பது எங்கோ தலைநகரில் நடக்கும் பெரிய விஷயம். இப்போது அதற்கு ஊர்ப் பெயரும் தேதியும் வந்துவிட்டன. எழுத்தே தெரியாத பெண்கள் எழுந்து மைக்கைப் பிடித்தார்கள். மேடைப் பேச்சு அவர்களுக்கு வராது. ஆனால் தங்கள் பெயருக்கு நேரே இருப்பது பொய் என்று சொல்ல எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று 1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு ஓடியும் ஒரு தாள் வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் அருகே தர்ணா தொடங்கியது. தொடங்கியதும் அவசரமாக ஓர் அரசாணை வந்தது: ஆவணத்தைப் பார்க்கலாம், நகல் எடுக்க முடியாது. மக்கள் அதை ஏற்கவில்லை. பார்த்துவிட்டு வந்தால் நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது. கையில் நகல் இருந்தால்தான் போலீசில் புகார் கொடுக்க முடியும். கிராமங்கள் தானியம் அனுப்பின, நகரத்துக் கடைக்காரர்கள் உதவினார்கள், நாற்பது நாள் அங்கேயே உட்கார்ந்தார்கள். அவர்கள் முழக்கம் இரண்டே சொற்றொடர்: எங்கள் பணம், எங்கள் கணக்கு. கடைக்கு அனுப்பும் பிள்ளையிடம் பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறேன், என் பெயரால் கோடிகளைச் செலவிடும் அரசிடம் கேட்கக்கூடாதா என்று அந்த அமைப்பின் கிராமத்துப் பெண் ஒருவர் கேட்டது, பிறகு நாடெங்கும் பேசப்பட்டது.

1997-இல் ஜெய்ப்பூரில் மறுபடி தர்ணா, ஐம்பது நாட்களுக்கு மேல். முடிவில் அரசு ஒரு செய்தி சொன்னது: நகல் தரும் உத்தரவை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம்! தகவல் தரும் உத்தரவையே மக்களுக்குத் தகவல் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தார்கள். வெயிலில் கிடந்தவர்களை இதைவிட அலட்சியப்படுத்த முடியாது. ஆனாலும் அவர்கள் பையை ஆணியில் மாட்டவில்லை. கையில் இருந்தது பொதுவான கோபமாக இருந்திருந்தால் அன்றோடு ஆறியிருக்கும். இருந்தது இன்ன தாள் வேண்டும் என்ற கேள்வி. கேள்வி ஆறாது.

அதே 1997-இல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் அதிகம் இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005-இல் தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 12 முதல் முழு நடைமுறை. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில். உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். இதைக் கையில் எடுத்தவர்களில் சிலர் உயிரையும் கொடுத்தார்கள். நில மோசடிகளை வெளிக்கொண்டுவந்த புனே பகுதியின் சதீஷ் ஷெட்டியும், கிர் காட்டுப் பகுதிச் சட்டவிரோதக் குவாரிகளை எதிர்த்த குஜராத்தின் அமித் ஜேத்வாவும் 2010-இல் கொல்லப்பட்டார்கள்.

சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசே தீர்மானிக்கும்படி 2019-இல் திருத்தினார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஆழமாக வெட்டியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று தகவல் சட்டத்தில் ஒரு வரி இருந்தது, அது போய்விட்டது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று வேறொரு பிரிவு இருக்கிறது, உண்மை. ஆனால் எது பெரிது என்று முதலில் முடிவு செய்வது, தகவலை மறுக்கும் அதே அலுவலக மேஜைதான்.

கோட் கிரானாவை நினைத்துப் பாருங்கள். அன்று வாசித்தது பெயர்களைத்தான். பெயர் இல்லாமல், "38 பேர், 12 நாள்" என்று வாசித்திருந்தால் ஊர் கேட்டுவிட்டுக் கலைந்திருக்கும். செத்தவர் பெயர் காதில் விழுந்ததால்தான் திருட்டு பிடிபட்டது. யாருடைய அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் பொதுப்பணம் வாங்கியவரின் பெயர் அந்தரங்கம் ஆகாது. பெயரை மறைத்த கணக்கு கணக்கே ஆகாது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் கடைசியாகப் போட்ட சாலையின் அளவுப் புத்தகம், எம் புக், எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. எத்தனை அங்குல ஜல்லி, எவ்வளவு தார், எந்தத் தேதியில் பணம் போனது, எல்லாம் அதில் உண்டு. அதன் நகலையும், அந்த வேலையில் பயன்படுத்திய பொருளின் மாதிரியையும் சான்றோடு பெற இன்றைக்கும் சட்டம் இடம் தருகிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தனியாகப் போடப் பயமாக இருந்தால் தெருவில் பத்துப் பேர் ஆளுக்கொன்றாகப் போடுங்கள். பதில் வந்ததும் தெருமுனையில் நின்று உரக்க வாசியுங்கள்.

(தொடரும்)