வலைக்குள் ஒரு வீடு – 9: வீட்டு லைன் கூடவே வரும்

ஃப்ராங்க்ஃபர்ட்டில் காலை 6 மணி; மதுரையில் 9.30. அன்றைக்குள் அனுப்பியாக வேண்டிய படிவம் ஒன்று கையில் இருந்தது. ஆனால் அந்த அரசுத் தளம் திறக்கவே இல்லை. ஓட்டல் வைஃபை நன்றாகத்தான் இருந்தது, மற்ற தளங்கள் உடனே வந்தன. நம் ஊர் அரசுத் தளங்கள் பல, பாதுகாப்பு கருதி வெளிநாட்டு ஐபி முகவரிகளை உள்ளே விடுவதில்லை. ஆள் யார் என்று கேட்பதற்கு முன்பே, எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்காகத்தான் மதுரை வீட்டில், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெரி பை கணினியை வைத்துவிட்டு வந்திருந்தேன். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால், நான் அனுப்புவதெல்லாம் பூட்டிய பெட்டியாக முதலில் மதுரைக்குப் போகும். அங்கே பூட்டு திறந்து, எங்கள் வீட்டு லைன் வழியாகவே வெளியே போகும். எதிர்முனைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். தட்டினேன். இணைப்பு வரவில்லை.

அது ஏன் என்பதற்கு முன், விபிஎன் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். இதன் பிறப்பிலேயே பயணம் இருக்கிறது. 2001இல் ஜேம்ஸ் யோனன் மத்திய ஆசியாவில் சுற்றிக்கொண்டே வேலை பார்த்தார். வழியில் யார் யாருடைய கம்பிகளிலோ தன் அலுவலகத் தகவல் போகிறதே என்ற கவலையில் அவர் எழுதியதுதான் ஓப்பன்விபிஎன். பிறகு ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்ட், 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 உடன் சேர்ந்தே வந்தது. சுமார் 4,000 வரி நிரல்தான். நான் பயன்படுத்துவது இதைத்தான்.

காசு கொடுத்து விபிஎன் வாங்கினால் போதாதா என்று வாசகர்கள் கேட்கிறீர்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. அது ஒருபுறம் இருக்கட்டும். ஆயிரம் பேர் புழங்கும் முகவரியை எதிர்முனைத் தளங்கள் எளிதில் கண்டுபிடித்துத் தடுத்துவிடுகின்றன. சொந்த வீட்டு முகவரிக்கு அந்தச் சந்தேகம் வருவது அரிது. அதைவிட, வழியில் நான் நம்ப வேண்டிய அந்நியர் ஒருவர் குறைகிறார். எனக்கு அதுதான் பெரிது.

ஊருக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது, உங்கள் வீட்டுக்குத் தனி முகவரி இருக்கிறதா என்பது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக இருப்பின் கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து முடிந்தன. அதனால் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN) முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் வீட்டு வாசலை வெளியிலிருந்து நேராகத் தட்ட முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற செயலி போதும். வீட்டுப் பெட்டி தானே வெளியே கை நீட்டி உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வேகம் பற்றி ஒன்று. வெளியூரில் உங்களுக்குக் கிடைக்கும் டவுன்லோடு, வீட்டு லைனின் அப்லோடைத் தாண்டாது. தொலைவும் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 7,500 கிலோமீட்டர் தொலைவு என்றால், நேர்க்கோட்டில் போய்வரவே 75 மில்லி நொடி ஆகும். கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். ஆகவே ஊர் வேலைக்கு மட்டும் இதைப் போடுங்கள், மற்றதற்கு ஓட்டல் லைனே நல்லது. வங்கி ஓடிபி இதில் வராது, அதற்கு இந்திய சிம் ரோமிங்கில் இருக்க வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபியை மாற்றினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். சீனாவில் அனுமதியில்லாத விபிஎன்னே கூடாது. போகிற நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

அன்று காலை அம்மாவுக்குப் போன் போட்டேன். “ராத்திரி கரண்டு போயிட்டு வந்துச்சுப்பா” என்றார். விஷயம் புரிந்தது. ரவுட்டர் மறுபடி உயிர்பெற்றபோது நிறுவனம் புது முகவரி கொடுத்திருக்கிறது. என் சாவி சரி, வீட்டு எண்தான் மாறிவிட்டது. முகவரி மாறினாலும் பெயர் மாறாதபடி டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் பதிந்து வைத்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை.

ஐபி காட்டும் ஒரு தளத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டு வைஃபையில் இருந்தபடியே தட்டச் சொன்னேன்.

“நூத்தி மூணு... புள்ளி... இது ஆறா எட்டான்னு தெரியலையேப்பா. இரு, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்.”

எட்டுதான். நான்கு எண்களையும் வாங்கிப் போனில் மாற்றினேன். இணைந்தது. தளம் திறந்தது, படிவமும் போய்ச் சேர்ந்தது.

“முடிஞ்சிருச்சாப்பா? டி.வி.க்குப் பின்னாடி பச்சை லைட்டு எரியுதே, ஆஃப் பண்ணிரவா?”

“வேணாம்மா. நான் வர்ற வரைக்கும் எரியட்டும்.”

(தொடரும்)