தண்ணீரின் மேல் வண்ணம்: எப்ரு கலையைக் கற்றுக்கொள்வோம்

அரபு எழுத்தணிப் பலகைகளின் படங்களைப் பார்க்கும்போது நம் கண் நேராக எழுத்துக்குத்தான் போகும். அதைச் சுற்றி மேகம் கலைந்தது போலவும் சலவைக்கல்லின் கோடு போலவும் ஓடும் வண்ண ஓரத்தை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. துருக்கியில் அந்தக் காகிதத்துக்கு எப்ரு என்று பெயர். பார்ஸி மொழியில் மேகத்தைக் குறிக்கும் 'அப்ர்' என்ற சொல்லிலிருந்து இது வந்தது என்பார்கள். 2014-ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதை வரைவது காகிதத்தின் மேல் அல்ல, தண்ணீரின் மேல். வெறும் தண்ணீரில் வண்ணம் மூழ்கிவிடும். அதனால் மரபுப்படி, முட்செடி ஒன்றிலிருந்து வடியும் கித்ரே என்ற பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, துணியில் வடிகட்டி, நீர்மோரைவிடச் சற்றே கெட்டியாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் சர்பத்தில் போடும் பாதாம் பிசின் வேறு, இது வேறு. மண்ணிலிருந்து எடுத்த நிறப்பொடிகளைக் கல்லில் நீர்விட்டு அரைத்து, அதில் மாட்டின் பித்தநீரைச் சில துளிகள் சேர்ப்பார்கள். இதுதான் சூட்சுமம். பித்தநீர் சேர்ந்த வண்ணம் மூழ்காமல் மேற்பரப்பில் வட்டமாக விரியும். ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்து சேறாகாமல் தனித்தனியே நிற்கும். அடுத்து விடும் நிறத்துக்கு முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பித்தநீர் வேண்டும். இல்லையென்றால் அது தனக்கு இடம் பிடிக்க முடியாமல் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

தூரிகையும் வீட்டுத் தயாரிப்புதான்: ரோஜாக் கொம்பில் குதிரை வால் முடியைச் சுற்றிக் கட்டுவது. அதை விரலில் தட்டித் தெளித்தால் கிடைப்பது 'பத்தால்' என்ற அடிப்படை வடிவம். ஊசியால் முன்னும் பின்னும் இழுத்தால் 'கெல்கித்', அதாவது வந்து போவது. சீப்பால் வாரினால் இன்னொன்று. சுருள் சுருளாகச் சுற்றினால் அது புல்புல் கூடு. பிறகு காகிதத்தின் ஒரு ஓரத்தை முதலில் வைத்து, காற்று புகாமல் மெல்லப் படுக்க வைத்து, சில விநாடிகள் கழித்துத் தட்டின் விளிம்பில் உரசியபடி இழுத்தெடுக்க வேண்டும். வண்ணம் முழுவதும் காகிதத்துக்கு வந்துவிடும். அதே வடிவம் இன்னொரு முறை வராது. அரசு ஆவணங்களுக்கு இந்தக் காகிதம் பயன்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தைச் சுரண்டி மாற்றினால் அடியிலுள்ள வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கலையை வளர்த்தவர்களில் பலர் பள்ளிவாசலோடும் தைக்காவோடும் தொடர்புடையவர்கள். இஸ்தான்புல் ஆயா சோபியாவில் கதீபாக இருந்த மெஹ்மத் எஃபெந்தி பெயரால் 'ஹதீப் எப்ரு' என்றே ஒரு வகை உண்டு. அவர் 1773-ல் தம் வீட்டில் பற்றிய தீயில், படைப்புகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார் என்று சொல்லப்படுகிறது. பின்னர் உஸ்குதாரில் இருந்த உஸ்பெக் தைக்காவின் ஷேக், புகாராவில் கற்று வந்ததைத் தம் மகன் எத்ஹெம் எஃபெந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர் நெஜ்மெத்தின் ஒக்யாய் (1883–1976). பள்ளிவாசல் இமாம், எழுத்தணிக் கலைஞர், வில்லாளி, ரோஜா வளர்ப்பவர் என்று இவருக்குப் பல முகங்கள். எப்ருவில் துலிப், கார்னேஷன் போன்ற பூக்களைத் தெளிவான உருவத்தோடு கொண்டுவந்தது இவர்தான். துலிப்புக்குத் துருக்கியில் 'லாலே'. அரபு எழுத்தில் எழுதினால் 'அல்லாஹ்' என்ற சொல்லின் அதே எழுத்துக்கள், வரிசை மட்டும் மாறியிருக்கும். ஒக்யாயின் உறவினரும் மாணவருமான முஸ்தஃபா துஸ்குன்மான் (1920–1990) உஸ்குதாரில் நாட்டு மருந்துக் கடை நடத்திக்கொண்டே இக்கலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். இவ்வளவு பெரிய கலை, ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கையில்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு தடம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில், குறிப்பாக பீஜப்பூரில் வரையப்பட்டதாகக் கருதப்படும் ஓவியங்களில், மெலிந்த குதிரையின் உடல் முழுவதும் இந்த அலை வண்ணத்தாலேயே நிரப்பப்பட்டிருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்ய நினைத்தால், கித்ரேவுக்குப் பதில் காராஜீனன் பொடி போதும். கடற்பாசியிலிருந்து எடுப்பது என்றதும், நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடல்பாசி நினைவுக்கு வரும். அது ஆறினால் கட்டியாகிவிடும், இதற்கு உதவாது. காராஜீனனிலும் உறையும் வகை உண்டு. கேட்டு, உறையாத 'லாம்டா' வகையை வாங்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் அளவில் கலந்து, குமிழி அடங்க ஓர் இரவு விட்டுவிடுங்கள். பழைய காலத்து மஞ்சளில் ஆர்செனிக்கும் வெள்ளையில் ஈயமும் இருந்தன. பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் நச்சில்லாத அக்ரிலிக் வண்ணமே நல்லது. பயன்படுத்திய தட்டு மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.

நாம் முதல் முறை செய்தபோது தட்டில் அழகாக விரிந்த வண்ணம் அத்தனையும், காகிதத்தை அலசியதும் ஓடிப்போனது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. காரணம் படிகாரம். அக்ரிலிக் வண்ணம் ஒட்டிப் பிடிக்க, காகிதத்தின் மேல் முன்னதாகவே படிகார நீர் தடவிக் காயவைத்திருக்க வேண்டும். அதைச் சோம்பலில் விட்டுவிட்டோம். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்.

துணிக்கு இது இன்னும் அவசியம். பருத்தியோ பட்டோ, முதலில் கஞ்சி போகத் துவைத்து, படிகார நீரில் முக்கி, சுருக்கமில்லாமல் காயவைக்க வேண்டும். படிகாரம் ஏறிய துணியை நாள்கணக்கில் மடித்து வைத்தால் இழை இற்றுவிடும். அன்றைக்கோ மறுநாளோ பயன்படுத்திவிடுங்கள். தட்டில் துணியை இறக்க இரண்டு பேர் வேண்டும், நான்கு முனையையும் பிடித்து நடுப்பகுதியை முதலில் தொடவிட. எடுத்ததும் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, நிழலில் காயப்போட்டு, சில நாள் கழித்து உள்பக்கமாக இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும். முதலில் ஒரு கைக்குட்டையில் தொடங்குங்கள், துப்பட்டா பிறகு.

துருக்கியில் அடிப்படை வடிவங்கள் கைவரவே குறைந்தது இரண்டு ஆண்டு உஸ்தாதின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். நம் பிள்ளைகள் ஒரு விடுமுறைப் பொழுதில் செய்வது பத்தால் மட்டும்தான். பெருநாள் வாழ்த்து அட்டைக்கு அது போதும்.