திரையோரக் கறுப்பு: நட்டமா, இலாபமா?

சென்னை–குண்டக்கல் இருப்புப் பாதையும் கூடூர்–காட்பாடிப் பாதையும் சந்திக்கும் ஊர் ரேணிகுண்டா. தமிழும் தெலுங்கும் ஒரே கூடத்தில் புழங்கும் இல்லங்கள் இப்பகுதியில் பல. அத்தகைய இல்லங்களில் இரு மொழியினரும் சேர்ந்து அமர்ந்து காணும் படம் 'மாயா பஜார்'. விஜயா நிறுவனத்தின் தயாரிப்பில், கே.வி. ரெட்டியின் இயக்கத்தில், 1957 மார்ச் மாதம் தெலுங்கிலும் ஏப்ரல் மாதம் தமிழிலும் அது வெளிவந்தது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தின் தெலுங்குப் பதிப்பு 2010 ஜனவரியில் வண்ணமூட்டப்பட்டு, சினிமாஸ்கோப் வடிவில் மீண்டும் திரைக்கு வந்தது.

இவ்வாறு ஒரே படம் இரு வடிவங்களில் கிடைக்கும்போது, வீட்டிற்கு எதை வாங்குவது? விடை காண, திரை விகிதம் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். படத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பதே அவ்விகிதம். 1950களின் நம் படங்கள் பெரும்பாலும் 1.37 விகிதத்தில், ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்டவை. சினிமாஸ்கோப் 2.35. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டி 16:9, அதாவது 1.78.

சதுரத்தை ஒத்த படத்தை அகலத் திரை முழுவதும் நிரப்ப இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, பக்கவாட்டில் இழுப்பது. அப்போது முகங்கள் பருத்துவிடும். மற்றொன்று, மேலும் கீழும் வெட்டுவது. 1.37 படத்தை 2.35 ஆக வெட்டினால் நூற்றுக்கு 58 பங்கு காட்சியே எஞ்சும். 16:9 திரைக்காக வெட்டினாலும் 23 பங்கு போய்விடும். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கசன் நெடிதுயர்ந்து நிற்பதற்குத் தேவையானது உயரம். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு அந்த உயரத்தையும் கணக்கிட்டே அமைந்தது. திரை நிறைந்திருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பவர், உண்மையில் குறைந்த படத்தையே பெறக்கூடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'ராஜராஜ சோழன்' (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். தெலுங்கில் அப்பெருமை 'அல்லூரி சீதாராம ராஜு'வுக்கு (1974) உரியது. இத்தகைய படங்களைப் பழைய 4:3 பெட்டிக்காக வெட்டினால், இழப்பு பக்கங்களில் நேரும். எஞ்சுவது 57 பங்குதான். உரையாடும் இருவரில் ஒருவர் திரைக்கு வெளியே நின்றுவிடுவார்.

ஆகவே, படம் எந்த விகிதத்தில் எடுக்கப்பட்டதோ அந்த விகிதத்திலுள்ள பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை. பழைய படத்திற்கு இருபுறமும், அகலப் படத்திற்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றும். அவை படத்தை மறைப்பவை அல்ல. படம் முழுமையாக உள்ளது என்பதற்கான சான்று. 43 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 95 செ.மீ. அதில் பழைய படம் 73 செ.மீ. அகலத்தில், உச்சி முதல் அடி வரை குறைவின்றித் தெரியும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, படம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 1970களுக்கு முந்தைய தமிழ், தெலுங்குப் படத்தின் உறையில் 2.35 என்றிருந்தால், வடிவம் மாற்றப்பட்டிருக்கிறது என உணரலாம். இரண்டாவதாக, உறையில் 4:3, 16:9, 2.35:1 ஆகியவற்றுள் எது குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் படத்தின் கால அளவையும் படியுங்கள். மறுபதிப்புகளில் பாடல்கள் குறைக்கப்படுவதும் உண்டு. மூன்றாவதாக, நல்ல பதிப்பை வாங்கிய பின்னரும் பெட்டியின் பட அமைப்பு 'நீட்டுதல்' அல்லது 'பெரிதாக்குதல்' நிலையில் இருந்தால் பயனில்லை. இயல்பு நிலைக்கு மாற்றுங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

வண்ணப் பதிப்பை விரும்புவோர் அதையும் வைத்துக்கொள்ளலாம். அது தனியொரு சுவை. ஆனால் ஒன்றை மட்டுமே வாங்க இயலுமெனில், முழுப் படத்திற்கே பணம் கொடுங்கள். வைப்புத் தொகையின் வட்டி விகிதத்தை ஆராய்ந்து பார்க்கும் நம் வாடிக்கையாளர்கள், திரையின் விகிதத்தையும் ஒருமுறை நோக்கினால் போதும்.